முதலாம் படிவத்துக்கு எழுதிய மூன்று வரிகள்

உறுதிசெய்துகொண்ட செய்திகளை மட்டுமே இங்கே எழுதுவேன். அதற்குக் காரணம் உண்டு. எங்கள் குடும்பத்தில், மகளின் படிப்பு நின்றுபோன நிகழ்ச்சி மூன்று விதமாகச் சொல்லப்பட்டு வந்திருக்கிறது. என் கணவர் சொல்லும்போது குற்றம் தொழிற்சாலையுடையது. அவருடைய தமக்கைமார் சொல்லும்போது அனைத்துலகப் பள்ளியுடையது. நான் சொல்லும்போது, நெடுங்காலம்வரை, உள்ளூர் இடைநிலைப்பள்ளியுடையது. மூன்றிலும் சிறிது உண்மை இருக்கக்கூடும். ஆனால் மூன்றுமே ஒரு கடிதத்தை விட்டுவிட்டுத் தொடங்கின. அக்கடிதம் மூன்று வரி கொண்டது. எழுதியவள் நான். மூன்றாம் வரி பொய். ஓர் ஆசிரியை பொய்யென்று தெரிந்தே எழுதிய ஒரு வரியால் விளைந்தவற்றை, சரிபாராத வரிகளால் எழுதும் உரிமை எனக்கு இல்லை.

என்னிடம் இருப்பவை இவை: அக்கடிதத்தின் கார்பன் படி, மகளின் தேர்ச்சி அட்டைகள், பள்ளி அனுப்பிய எச்சரிக்கைக் கடிதங்கள் இரண்டு, அவளுடைய வரலாற்றுக் குறிப்பேடு ஒன்று. எழுதி முடித்ததை அவளுக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டினேன். இரண்டு இடங்களில் திருத்தினாள். அத்திருத்தங்களை அவ்வவ்விடத்தில் குறித்திருக்கிறேன்.

நான் மலேசியாவில், பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுனில் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு ஆசிரியையாக இருந்தேன். எங்கள் பிள்ளைகள் இடைநிலைப்பள்ளிக்குப் போகும்போது, மலாய்மொழி போதாதவர்கள் அங்கே முதல் வகுப்பான முதலாம் படிவத்தில் நேரே சேர முடியாது. ஓராண்டு புகுமுக வகுப்பில் இருந்து மொழியைப் பயின்ற பிறகே சேரலாம். அதை எல்லாரும் ரிமூவ் என்றே அழைத்தனர். அச்சொல்லைக் கேட்டதும் பெற்றோர் முகம் சுருங்கும். பிள்ளை ஒரு வயது பிந்திவிடும், சொந்தக்காரர் கேட்பர். ஆண்டிறுதிதோறும் அவர்கள் என்னிடம் வருவர். நான் அவர்களை உட்காரவைத்து, அது வீணாகும் ஆண்டன்று, கால் ஊன்றும் ஆண்டு என்று விளக்குவேன். நம்பித்தான் சொன்னேன். என் மாணவர்கள் அவ்வாண்டைக் கடந்து நன்றாகத் தேறியதைக் கண்டவள் நான்.

என் கணவர் பாயான் லெப்பாஸில் இருந்த ஒரு வெளிநாட்டு மின்னணுத் தொழிற்சாலையில் பொறியாளர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எழுத்தர் வேலையில் நிலைபெற்ற குடும்பம் அவருடையது. மகளுக்கு நான்கு வயதானபோது நிறுவனம் அவரை வெளிநாட்டுக்கு அனுப்பியது. நானும் சம்பளமற்ற விடுப்பில் உடன் சென்றேன். மகள் அங்கே ஆங்கிலத்தில் படிக்கத் தொடங்கினாள். நான்கு ஆண்டுகளுக்குப் பின் நாங்கள் பினாங்கு திரும்பியபோது, கல்வியமைச்சின் அனுமதி பெற்று அவளை அனைத்துலகப் பள்ளியில் சேர்க்க நிறுவனமே ஏற்பாடு செய்தது. பன்னிரண்டு வயதில் அவளுக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும். நான் வீட்டில் கற்பித்த தமிழும் தெரியும். மலாயில் காய்கறிப் பெயர்களும், பேருந்து நடத்துநரிடம் சொல்லும் இரண்டு மூன்று சொற்களுமே தெரியும்.

எண்பதுகளின் நடுவில் தொழிற்சாலையில் ஆட்குறைப்பு வந்தது. முதல் பட்டியலிலேயே என் கணவர் இருந்தார். பள்ளிக்கட்டணம் நின்றது. வரும் ஜனவரியில் மகள் தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போயாக வேண்டும் என்றானது.

“பிள்ளையை ரிமூவில விடேலாது,” என்றார் கணவர். வேலை போனபின் அவர் உறுதியாகச் சொன்ன ஒரே செய்தி அது. “என்ட அக்காமார் என்ன சொல்லுவினம்? வேலையும் போச்சுது, பிள்ளையும் பின்னுக்குப் போச்சுது எண்டுவினம்.”

என் வகுப்பறையில் பிறருக்குச் சொன்ன சொற்களில் ஒன்றுகூட அப்போது என் வாயில் வரவில்லை.

பதிவு நாளன்று பள்ளி நடைக்கூடத்தில் நீண்ட பலகைகள் போட்டிருந்தனர். மகளும் நானும் உட்கார்ந்திருந்தபோது, எனக்குத் தெரிந்த ஓர் அம்மையார் வந்து பக்கத்தில் அமர்ந்தார். பொது மருத்துவமனையில் துப்புரவு வேலை செய்தவர். அவருடைய மகள் அவ்வாண்டு என் வகுப்பில் படித்து முடித்தவள். அவளும் உடன் வந்திருந்தாள்.

“டீச்சர், நீங்களும் வந்துட்டீங்களா. இது உங்க மகளா? என்னா உயரம்லா.” என் மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். “எம்மவ ரிமூவ்தான் டீச்சர். அவங்கப்பா ஒரு வாரம் மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கிட்டு இருந்தாரு. நாந்தான் சொன்னேன், டீச்சரே சொல்லியிருக்காங்க, ஒரு வருஷம் போனா ஒண்ணும் கொறைஞ்சிராதுன்னு. பாப்பாவும் ரிமூவ்தானே? ரெண்டும் ஒண்ணா உக்காரட்டும். எம்மவளுக்கும் ஒரு தொணை.”

“இல்லக்கா,” என்றேன். “இவளுக்கு மலாய் வரும். நேரா ஃபார்ம் ஒன்.”

என் மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“அப்படியா. இங்கிலீஷ் ஸ்கூல்ல மலாயும் சொல்லிக் குடுக்கிறாங்களா. நாம எங்க கண்டோம்.” அம்மையார் கையை விட்டுவிட்டார். “நல்லதுலா டீச்சர்.”

முதற்பொய் அதுவே. எழுதியது அதற்குப் பின்னர்தான். அலுவலக எழுத்தரான பள்ளிக் கிராணி எங்களை அழைத்தார், அவரும் தமிழர். தாள்களைப் புரட்டிவிட்டு, “இந்தப் பிள்ளைக்கு அஞ்சாம் வகுப்புச் சோதனை ரிசல்ட் ஒண்ணும் இல்லையே டீச்சர். மத்தவங்கன்னா டெஸ்ட் வெக்கணும். நீங்க ஒரு லெட்டர் எழுதிக் குடுத்துருங்க. டீச்சர் எழுதினாப் போதும்னு பெரிய டீச்சர் சொல்லிட்டாங்க,” என்றார்.

அங்கேயே எழுதினேன். முதல் வரியில் அவள் வயது. இரண்டாம் வரியில் அவள் படித்த பள்ளி. மூன்றாம் வரியில், மலாயில் நடைபெறும் பாடங்களை அவள் இடரின்றிப் பின்பற்ற வல்லவள் என்பது. கார்பன் தாள் வைத்து எழுதுவது என் வழக்கம்.

கிராணி வாங்கிப் படித்தார். “பொய்யா எழுதினா போலீஸ்தான் வரும், பாத்துக்குங்க. கவர்மெண்ட் டீச்சருக்கு டபுள் தண்டனை,” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். மேசைக்கு எட்டும் தூரத்தில் நின்றிருந்த மகள் சிரிக்கவில்லை.

பேருந்தில் வீடு திரும்பும்போது அவள் கேட்டாள்.

“எனக்கு மலாய் தெரியாதே அம்மா.”

“மூணு மாசத்துல வந்துரும்.”

“அதுக்குள்ள யாராச்சும் கேட்டா?”

இவ்விடத்தில், நான் விடை சொல்லாமல் சன்னலைப் பார்த்தேன் என்று எழுதியிருந்தேன். மகள் திருத்தினாள். விடை சொன்னேனாம். “அம்மாவக் காட்டிக் குடுத்துறாத,” என்றேனாம்; சிரித்துக்கொண்டே சொன்னேனாம். எனக்கு அது நினைவில் இல்லை. அவளுக்கு இருக்கிறது. ஆகவே அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

கீழ்ப்படிவங்களுக்குப் பள்ளி பிற்பகலில் நடந்தது. நான் வேலை முடிந்து வருவதற்குள் அவள் புறப்பட்டிருப்பாள். நீலச் சீருடையும் வெள்ளைக் காலணியும் அணிந்து, பொழுது சாயும் வேளையில் திரும்புவாள். குறிப்பேடுகளை நாள்தோறும் பார்த்தேன். கையெழுத்து அழகாக இருந்தது. பக்கந்தோறும் ஆசிரியரின் சிவப்புச் சரியடையாளம் இருந்தது. மனநிறைவு கொண்டேன். அவற்றுள் எஞ்சியிருக்கும் வரலாற்றுக் குறிப்பேட்டை இப்போது விரித்தால், ஒரு போருக்குரிய காரணங்களை வரிசையிட்ட பக்கத்தில், மூன்றாம் காரணத்துக்கும் நான்காம் காரணத்துக்கும் இடையே ஐந்து மாணவியரின் பெயர்கள் இருக்கின்றன. அன்று வகுப்பைக் கூட்டவேண்டியவர்களின் பட்டியல் அது. கரும்பலகையில் இருந்த அனைத்தையும் அவள் பிரித்தறியாமல் படியெடுத்திருக்கிறாள். அப்பக்கத்திலும் சரியடையாளம் இருக்கிறது. என் மாணவர் எவராவது அவ்வாறு எழுதியிருந்தால் அந்தக் கணமே கண்டுபிடித்திருப்பேன்.

வாய்விட்டு வாசிப்பது அவளுக்குக் கடினமாக இல்லை. மலாய் எழுதப்படுவது ஆங்கில எழுத்தில். எழுத்துக்கேற்ற ஒலி. ஓரிரு வாரத்தில் அவள் தங்குதடையின்றி வாசிக்கக் கற்றுக்கொண்டாள், பொருள் தெரியாமலே. முதலாம் படிவத் தேர்ச்சி அட்டையில் மதிப்பெண்கள் எல்லாம் தாழ்ந்திருக்கின்றன. வகுப்பில் கடைசிக்கு அருகில் நிற்கிறாள். ஆனால் மொழியாசிரியரின் குறிப்பு, தெளிவான வாசிப்பு, நல்ல குரல் என்கிறது. நான் அக்குறிப்பைப் பற்றிக்கொண்டேன். மதிப்பெண் குறைவுக்குப் புதுச் சூழல் காரணம் என்று கணவரிடம் சொன்னேன்.

தனிவகுப்புக்கு அனுப்பியிருக்கலாம். ஊரில் மலாய் கற்பித்தவர் பலர் எனக்கு அறிமுகமானவர். சிலர் என்னோடு பயிற்சிக் கல்லூரியில் படித்தவர். அவர்களிடம் அனுப்பினால் செய்தி ஒரு வாரத்தில் எல்லாத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் அறைகளையும் எட்டிவிடும். ஆகவே இரவு உணவுக்குப் பின் நானே கற்பித்தேன். பொறுமையாகக் கற்பித்தேன் என்று சொல்ல முடியாது. ஒருமுறை மர அடிக்கோலால் விரல்மேல் அடித்தேன். இரண்டு முறை என்று எழுதியிருந்தேன். ஒரு முறைதான் என்பது மகளின் இரண்டாம் திருத்தம். அதன்பின் அவள் எல்லாவற்றுக்கும் தெரியும் என்றே விடை சொன்னாள். நான் கற்பிப்பதை நிறுத்தினேன்.

இரண்டாம் படிவத்தில், மாணவியர் எல்லாரும் கூடி நிற்கும் திங்கட்கிழமைச் சபைகூடலில் அறிவிப்புகளை வாசிக்க அவளைத் தேர்ந்தெடுத்தனர். அதை எங்கள் பள்ளி ஆசிரியர் அறையில் நானே சொல்லி மகிழ்ந்தேன்.

சில மாதம் கழித்து, கடலுக்கு அக்கரையிலுள்ள பட்டர்வொர்த்திலிருந்து நாள்தோறும் ஃபெரியில் வந்து போகும் எங்கள் பள்ளி ஆசிரியை ஒருவர் கேட்டார்: “உங்க மக அக்கரையில எங்க டியூஷன் போறா? மூணு நாளா ஃபெரியில பாக்குறேன். யூனிஃபார்ம்ல, தனியா மேல்தட்டுல நிக்கிறா.”

அவ்வாரமே பள்ளியிலிருந்து முதல் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. ஒன்பது நாள் அவள் வகுப்புக்கு வரவில்லை.

“ஸ்கூல்ல என்ன நடந்துச்சு?” என்று கேட்டேன்.

“ஒண்ணும் இல்ல.”

“ஃபெரியில எங்க போன?”

“எங்கயும் போகல. போயிட்டுப் போயிட்டுத் திரும்பி வந்தேன்.”

கணவர் அவளைத் திட்டினார். அப்பாவுக்கு வேலையில்லை என்ற இளக்காரமா என்று கேட்டார். மறுநாளும் அவள் பள்ளிக்குப் போகவில்லை. இரண்டாம் கடிதம் வந்தது.

அச்சனிக்கிழமை, துப்புரவு வேலை செய்த அந்த அம்மையார் மகளை அழைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வழியில் நுழைந்ததாகச் சொன்னார். அச்சிறுமி புகுமுக வகுப்பை முடித்து அப்போது முதலாம் படிவத்தில் இருந்தாள். என் மகள் அறையைவிட்டு வெளியே வரவில்லை.

“நீ சொல்லணும்னு சொன்னியே, சொல்லு,” என்றார் தாய்.

“அவ மேல கோவப்படாதீங்க டீச்சர்,” என்று சிறுமி தொடங்கினாள். “அவ கிளாஸ்ல அவள மாட் சாலேன்னு கூப்புடுவாங்க. வெள்ளக்காரின்னு. கேண்டீன்ல தமிழ்ப் பிள்ளைங்களே கேலி பண்ணுவாங்க, ஒங்க வீட்டுல சோறா ரொட்டியான்னு. அது பரவால்ல. அன்னைக்கு சபைகூடல்ல, அவ வாசிக்கிற பேப்பருக்குள்ள யாரோ இன்னொரு பேப்பரச் சொருகிட்டாங்க. அவளப் பத்தி அசிங்கமா. அவ பேரே அதுல இல்ல, ஆனா எல்லாருக்கும் தெரியும் அவதான்னு. அவ எப்பவும் போல வாசிச்சா.”

“முழுசுமா?”

“முழுசும் டீச்சர். சிரிப்பு வந்தப்ப நிறுத்துனா. சத்தம் அடங்கினதும் திரும்ப வாசிச்சா. நீங்க எங்களுக்குச் சொல்லிக் குடுப்பீங்களே, சத்தம் போட்டா நிறுத்தி அப்பறம் வாசிக்கணும்னு. அந்த மாதிரி. ஒரு டீச்சர் ஓடிவந்து மைக்க மூடுற வரைக்கும்.”

“அதுல என்ன எழுதியிருந்துச்சு?”

“நான் சொல்ல மாட்டேன் டீச்சர்.”

“டீச்சர்தானே கேக்குறாங்க, சொல்லேண்டி.”

“மாட்டேன்மா.” பிறகு, தரையைப் பார்த்தபடி சொன்னாள்: “அவளுக்கு மலாய் தெரியாதுன்னு எங்க ரிமூவ் கிளாஸுக்குப் போன வருஷமே தெரியும். ரெசஸ்ல எங்கிட்ட வந்து அர்த்தம் கேப்பா. நாங்க யாருகிட்டயும் சொல்லல.”

“ஏன் சொல்லல?”

“நீங்க எங்க டீச்சர்லா. அவதான் சொன்னா, வெளிய தெரிஞ்சா அம்மாவப் போலீஸ் புடிக்கும்னு.”

தாய் என்னைப் பார்க்கவில்லை. தேநீர் வேண்டாம் என்று எழுந்துவிட்டார்.

திங்கட்கிழமை மகளை அழைத்துக்கொண்டு பள்ளிக்குப் போனேன். உண்மையைச் சொல்லிவிடும் எண்ணத்துடனேயே போனேன். கடிதத்தின் படி என் கைப்பையில் இருந்தது. அதைக் காட்டி, மூன்றாம் வரி தவறு என்று சொல்லி, அவளைப் புகுமுக வகுப்பில் உட்காரவைக்கக் கேட்கவேண்டும். இரண்டாண்டு பின்தள்ளும். ஆயினும் படிப்பு மிஞ்சும். மகளை வெளியே பலகையில் உட்காரவைத்துவிட்டு உள்ளே சென்றேன். அறைக்கதவு பாதி திறந்திருந்தது. வெப்பத்தால் அதை எப்போதும் அப்படியே வைத்திருந்தனர்.

தலைமையாசிரியை பண்பானவர். ஆங்கிலத்தில் பேசினோம். நடந்ததற்கு வருத்தம் தெரிவித்தார். தாளைச் சொருகியவர் யாரென்று கண்டுபிடிக்க முடியவில்லை என்றும், தாளைத் தாமே கிழித்துவிட்டதாகவும் சொன்னார். பிறகு, “எனக்கு ஒன்று விளங்கவில்லை,” என்றார். “அவ்வளவு நன்றாக வாசிக்கும் பெண், தன்னைப் பற்றி எழுதியிருப்பதைக் கண்ணால் கண்டும் ஏன் நிறுத்தவில்லை? அவளுக்கு மொழியில் ஏதேனும் உதவி தேவையா? புகுமுக வகுப்பு ஆசிரியை தனியே சிலருக்குக் கற்பிக்கிறார். நீங்களும் ஆசிரியை, நீங்கள் சொன்னால் ஏற்பாடு செய்வேன்.”

உண்மையைச் சொல்ல, கதவு அதைவிட அகலமாக எனக்குத் திறந்திருக்க முடியாது. கைப்பையின்மேல் என் கை இருந்தது. அரசு ஊழியர் என்பதும், கணவருக்கு வேலையில்லை என்பதும் நினைவுக்கு வந்தன என்று பல ஆண்டு சொல்லிவந்தேன். அவை நினைவுக்கு வந்தது உண்மை. ஆனால் முதலில் வந்தது ஆசிரியர் அறை. அங்கே இச்செய்தியைக் கேட்கப்போகும் முகங்கள்.

“மொழியில் குறை ஒன்றும் இல்லை,” என்றேன். “அவள் பிடிவாதக்காரி. சிறுவயது முதலே அப்படித்தான்.”

அவர் குறித்துக்கொண்டார். அக்குறிப்பு இரண்டாம் படிவத் தேர்ச்சி அட்டையின் இறுதியில் இருக்கிறது: பிடிவாத குணம், ஒத்துழைப்புக் குறைவு.

வெளியே வந்தபோது மகள் எழுந்து நின்றிருந்தாள். “நான் கிளாஸுக்குப் போறேன்,” என்றாள். போனாள். அதன்பின் ஒருநாளும் தவறாமல் பள்ளிக்குப் போனாள். எச்சரிக்கைக் கடிதம் மறுபடியும் வரவில்லை. வாசிக்கும் வேலையை வேறொரு மாணவிக்குக் கொடுத்துவிட்டனர். வீட்டில் நாங்கள் கேட்டதற்கு மட்டும் விடை சொன்னாள்.

அவ்வாண்டு இறுதியிலும் என் வகுப்புப் பெற்றோர் வந்தனர். அவர்களை உட்காரவைத்துப் புகுமுக வகுப்பு நல்லது என்று விளக்கினேன்.

மூன்றாம் படிவத்தின் முடிவில் எழுதிய எஸ்.ஆர்.பி. தேர்வில் அவள் தேறவில்லை. ஆங்கிலத்தாள் ஒன்றில்தான் உயர்ந்த மதிப்பெண். நான்காம் படிவம் இல்லை என்றானது. கணவரின் தமக்கை வீட்டுக்குக் கோலாலம்பூர் சென்று, அங்கே ஒரு கடையில் பொருள் எடுத்துக் கொடுக்கும் வேலையில் சேர்ந்தாள். வாடிக்கையாளரிடம் பேசிப் பேசி இரண்டு ஆண்டில் மலாய் கற்றுக்கொண்டாள். இன்று என்னைவிட நன்றாகப் பேசுகிறாள். அதன்பின் படிக்கவில்லை. முடித்திருக்கக்கூடிய படிப்பைப் பற்றி எங்களிடம் எப்போதும் பேசியதில்லை.

உறுதியாகத் தெரிந்தவை இவ்வளவே. அத்தாளில் இருந்த சொற்கள் எனக்குத் தெரியாது. கேட்ட பிள்ளைகளுள் எவரும் எனக்குச் சொல்லவில்லை. எழுதியவர் யாரென்று தெரியாது. அன்று மேடையில் நின்று அவள் எத்தனையாம் வரியில் அது தன்னைப் பற்றியது என்று உணர்ந்தாள், அல்லது உணரவே இல்லையா என்பதும் தெரியாது. தலைமையாசிரியையின் அறையில் நான் சொன்னது வெளியே பலகையில் இருந்தவளுக்குக் கேட்டதா என்பதும் தெரியாது. தொலைபேசியில் அப்பகுதியைப் படித்தபோது நிறுத்திக் காத்திருந்தேன். “ம், மேல படிங்க,” என்றாள். அவ்விடத்தில் அவள் எதையும் திருத்தவில்லை.